முழுக்கிழங்கு ஊன்றியவள்

“எங்க கிழங்கையெல்லாம் கொன்னது நீதான்டி.”

நான் சொன்ன வார்த்தை இது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க மஸ்டருக்குப் போகும் முன்னால், குழாயடியில், லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் குடத்தோடு நிற்கும்போது சொன்னேன். மெதுவாகவும் சொல்லவில்லை. என் தொண்டை எப்படிப்பட்டது என்று எங்கள் எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும். கீழே ஃபாக்டரி ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். யாரைச் சொன்னேனோ அவள் குடம் நிரம்பி வழிந்தது. அதை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் சொன்னது பொய். அப்போது எனக்கு உண்மை தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பாதிதான் தெரியாது. தெரிந்த பாதியை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மறையூரிலிருந்து மூணாறு போகும் பஸ் மலையேறும் வழியில் எங்கள் தேயிலை எஸ்டேட். தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை வீடுதான் லயம்; எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடு. சரிவில் கட்டியது. முதல் வீடு மேட்டில், பன்னிரண்டாவது வீடு பள்ளத்தில். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒரு காய்ப்பாத்தி உண்டு. நிலம் எஸ்டேட்டுடையது. ஆனால் யாருக்கு எந்தப் பாத்தி என்பதைக் கோயில் கமிட்டிதான் சொல்லும். கொழுந்து பறித்துவிட்டு வந்து, வெளிச்சம் இருக்கும்வரை அதில் குனிந்து கிடப்போம். பீன்ஸ், கோஸ், பூண்டு எல்லாம் போடுவோம். முக்கியம் உருளைக்கிழங்குதான். நன்றாக விளைந்தால் மழைக்காலம் முழுவதும் குழம்புக்குக் கவலை இல்லை.

என் வீடு நான்காவது. சில வருடங்களுக்கு முன்னால் எல்லோருடைய கிழங்கும் அழுகிப்போனபோது என் பாத்தியில் மட்டும் கூடை கூடையாக விளைந்தது. ஏன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அன்றிலிருந்து என் கை ராசிக்கை ஆகிவிட்டது. மாசியில் முதல் மழை பெய்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டு விதைக்கிழங்கும் என் வாசலுக்கு வரும். நான்தான் வெட்டித் தர வேண்டும். ஒரு துண்டுக்கு இரண்டு முளைக்கண் இருக்கும்படி வெட்டி, சாம்பலில் புரட்டி, அவரவர் கூடையில் போடுவேன். தேயிலைச் செடியைக் கிளை வெட்டிக் கவ்வாத்து செய்கிற பழைய கத்தி ஒன்று உண்டு. என் வீட்டுக்காரர் அதை முதல் நாளே தீட்டி வைப்பார்.

எனக்கு அந்த நாள் பிடிக்கும். ஒளிப்பானேன். தேயிலைக் காட்டில் என்னை யார் மதிக்கிறார்கள்? கொழுந்து எடை குறைந்தால் சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி பேசுவார். அந்த ஒரு ஞாயிறு மட்டும் நான் பலகையில் உட்கார்ந்திருப்பேன், மற்றவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். அதனால் சட்டம்கூடப் போட்டேன். முதலில் என் கூடை. பிறகு மற்ற கூடைகள். கடைசிக் கூடை முடியும்வரை கத்தியைக் கழுவக் கூடாது, கழுவினால் ராசி போய்விடும். இது பழைய வழக்கம் ஒன்றுமில்லை. நானாகச் சொன்னது. எல்லோரும் நம்பினார்கள். இரண்டு மூன்று வருடத்தில் நானும் நம்பிவிட்டேன்.

குழாயடியில் நான் திட்டினேனே, அவள் முதல் வீட்டுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வண்டிப்பெரியார் பக்கம் அவர்கள் வேலை செய்த எஸ்டேட் மூடிப்போய், இங்கே தற்காலிகத் தொழிலாளியாகச் சேர்ந்தவள். வீட்டுக்காரர் மூணாறில் தங்கி ஜீப் ஓட்டுகிறார். லயத்தில் அவளுக்குச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. என்னைவிட இருபது வயதாவது சின்னவள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

இந்த வருடம் மாசி ஞாயிற்றுக்கிழமை அவளும் வந்தாள். கையில் கூடை இல்லை.

“எங்கடி விதை?” என்று கேட்டேன்.

“நான் முழுசாவே ஊனிக்கிடுதேன் அக்கா. எங்க பக்கம் கோழிமுட்டை மாதிரி சின்னதாப் பார்த்து, வெட்டாமத்தான் ஊனுவோம்.”

“ஏன், என் கை உனக்கு ஆகாதோ?”

“அய்யோ, அப்படியெல்லாம் இல்லக்கா.”

பக்கத்தில் நின்ற ஆறாவது வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? “பெரிய எஸ்டேட்டுக்காரி மதினி அவ. நம்ம கத்தி பட்டா அவ கிழங்குக்குத் தும்மல் வந்துரும்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அப்போது நான் வெட்டிக்கொண்டிருந்தது என் சொந்தக் கூடை. போன வருடத்துக் கிழங்கில் நானே எடுத்து வைத்த விதை. அதில் ஏழெட்டுக் கிழங்கில் முளைக்கண்ணைச் சுற்றி மண் ஒட்டிப் பிடித்திருந்தது. தேய்த்தும் போகவில்லை. வெட்டினால் தோலுக்கு உள்ளே பழுப்பாக ஒரு வளையம். அழுத்தியபோது வெள்ளையாகச் சீழ் மாதிரி கொஞ்சம் வந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

“அக்கா, இதுல வளையம் விழுந்திருக்கே. இதை ஊனாதீங்க.”

“கிழங்கு பார்க்க எனக்கு நீ சொல்லித் தாரியா?”

அவள் போய்விட்டாள். நான் பழுப்பாக இருந்த பக்கத்தைச் சீவி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கூடையில் போட்டேன். கத்தியைச் சேலையில் துடைத்தேன். அடுத்த கூடையை இழுத்தேன். அதற்கு அடுத்தது. அப்படிப் பத்துக் கூடை.

சித்திரையில் தொடங்கியது. செடி முழங்கால் உயரம் வந்திருந்தது. வெயில் ஏறினால் தலை தொங்கும், சாயந்திரம் நிமிரும். முதலில் என் பாத்தியில் நாலைந்து செடி. அப்புறம் ஐந்தாவது வீடு, ஆறாவது வீடு. “தண்ணி பத்தலை” என்றேன். நான் சொன்னால் லயத்தில் மறுபேச்சு இல்லை. எல்லோரும் குடம் குடமாக ஊற்றினார்கள். செடி இன்னும் வேகமாகத் தொங்கியது. மூன்றாம் நாள் சாயந்திரம் நிமிரவே இல்லை.

“வேர்ப்புழு” என்றேன். தோண்டினோம். ஒரு புழு கிடைக்கவில்லை. “புழு கீழ இறங்கிருச்சு” என்றேன். எனக்கே சிரிப்பு வரவேண்டிய பதில் அது. யாரும் சிரிக்கவில்லை. பிறகு இலைக்கருகல் என்றேன். துருசு என்கிற மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடித்தோம். கருகல் என்றால் இலையில் கறுப்புத் திட்டு விழும், விடிகாலையில் இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரியும். எங்கள் செடியில் ஒரு திட்டு கிடையாது. இலை பச்சையாக இருக்கும்போதே வாடித் தொங்கியது. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் மருந்தடித்தேன். எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

பதினோரு பாத்தியும் சாய்ந்தன. முதல் வீட்டுப் பாத்தி மட்டும் நின்றது. நின்றது மட்டுமா, வெள்ளையும் ஊதாவுமாகப் பூவும் பூத்தது.

ஒரு செடி ஏன் சாகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் சாகாத செடியைப் பார்க்க வேண்டும். நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு, அவள் எதை வேறு மாதிரி செய்தாள் என்று யோசித்திருக்கலாம். விடை மாசி மாதமே என் வாசலில் நின்று பேசிவிட்டுப் போயிருந்தது. நான் யோசித்தது வேறு. எல்லோருக்கும் போனது, இவளுக்கு மட்டும் ஏன் போகவில்லை? இவள்தான் ஏதோ செய்திருக்கிறாள். அவள் அடுப்படித் தண்ணீரை ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிப் பாத்தி ஓரமாக விட்டிருந்தாள். அந்த வாய்க்கால் என் கண்ணில் பட்டது. சோப்புத் தண்ணீர், கழுநீர், இன்னும் என்னென்னவோ. மேட்டிலிருந்து எங்கள் பாத்திக்குத்தானே வரும்?

மறுநாள் குழாயடியில் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

அன்று சாயந்திரமே கோயில் முன்னால் கூட்டம். கமிட்டித் தலைவர் பன்னிரண்டாவது வீடு. நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அவர் அதிகம் விசாரிக்கவில்லை. “தண்ணி மேல இருந்துதான கீழ வரும்? மேல இருக்கது யாரு?” என்று மட்டும் கேட்டார். எல்லாத் தலையும் ஆடியது. அவள் எழுந்து, “அண்ணாச்சி, வாய்க்கா போன வாரந்தான் வெட்டுனேன். செடி அதுக்கு முன்னாலயே வாட ஆரம்பிச்சிட்டுல்லா?” என்றாள். சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல யாரிடமும் ஒன்றும் இல்லை. அதனால் நான் கத்தினேன். “வாயைப் பாரு! செய்யதையும் செஞ்சிட்டு!” என் சத்தத்தில் அவள் கேள்வி அமுங்கிப்போனது. பாத்தியைக் கமிட்டி எடுத்துக்கொள்வது, செடியைப் பிடுங்கிப் போட்டு வாய்க்காலை மூடுவது என்று முடிவானது.

பிடுங்கப் போனபோது யாருக்கும் முதல் கை வைக்க மனம் வரவில்லை. பூத்த செடி அல்லவா. நான் இறங்கினேன். முதல் செடியை நான்தான் பிடுங்கினேன். வேரில் நெல்லிக்காய் அளவில் கிழங்குகள் வெள்ளைவெளேரென்று தொங்கின. ஒரு சொத்தை இல்லை. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் ஒரு கை அளவு வந்திருக்கும். அவள் பின்வாசல் படியில் நின்று பார்த்தாள். நாங்கள் போன பிறகு அந்த நெல்லிக்காய்க் கிழங்குகளைக் குனிந்து குனிந்து பொறுக்கினாள் என்று ஆறாவது வீட்டுக்காரி வந்து சொன்னாள். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

அவள் பாத்தியை அழித்த பிறகும் எங்களிடம் மிச்சமிருந்த செடிகள் வாடிக்கொண்டேதான் இருந்தன. அதற்கு என்ன காரணம் சொல்வது? பத்து நாள் கழித்து, வாடின செடி ஒன்றை வேரோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி விவசாய ஆபீசுக்கு, கிருஷி பவனுக்குப் போனேன். அங்கே இருந்த ஆபீசரம்மா மலையாளி. தமிழும் பேசுவார்.

“சேச்சி, இலையில பாடு, கறுப்புத் திட்டு ஒண்ணும் இல்லல்லோ. பின்னே எதுக்கு துருசு அடிச்சது?” என்று, இலையில் காய்ந்திருந்த மருந்துக் கறையைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார்.

தண்டை அடியில் குறுக்கே வெட்டினார். ஒரு கண்ணாடி கிளாசில் நல்ல தண்ணீர் எடுத்து, வெட்டின முனை தண்ணீரைத் தொடும்படி தண்டைப் பிடித்தார். “பேசாம பாரு” என்றார். கொஞ்ச நேரத்தில் வெட்டின இடத்திலிருந்து வெள்ளையாக ஒரு இழை இறங்கியது. பால் நூல் மாதிரி. அறுபடாமல் கிளாசின் அடிவரை போனது.

“இது பாக்டீரியா வாட்டம். மருந்து கிடையாது. விதையில இருந்து வரும். விதை முழுசா, வெட்டினதா?”

“வெட்டினது.”

“வெட்டும்போ உள்ளில பழுப்பு வளையம் உண்டாயிருந்தோ?”

“பார்க்கலை.”

“கத்தி ஓரோ கிழங்குக்கும் கழுகியோ?”

“கழுவினேன் மேடம்.”

ஒரு நிமிடத்துக்குள் இரண்டு பொய். ஆபீசரம்மா யாரையும் குறை சொல்லாத குரலில் விவரம் சொன்னார். நோய்க்கிழங்கை வெட்டின கத்தியில் நல்ல கிழங்கை வெட்டினால் நோய் அதற்கும் போகும். தண்ணீர் கூடக்கூடப் பரவும். இனிச் சில வருடங்களுக்கு அந்த மண்ணில் கிழங்கு, தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் வேண்டாம். சோளமோ பீன்ஸோ போடலாம். நோய்ப்பாத்தியில் மிதித்த காலோடு நல்ல பாத்தியில் இறங்கக் கூடாது.

நாங்கள் பதினோரு வீட்டுக் காலோடும் அவள் பாத்தியில் இறங்கியிருந்தோம்.

வீட்டுக்கு வந்து அந்தச் சோதனையை நானே செய்தேன். நம்பாமல் இல்லை. வேறு ஏதாவது காரணம் தெரியவராதா என்ற நப்பாசை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு தண்டு எடுத்தேன். வீட்டில் இருந்த டம்ளர், ஜாம் பாட்டில் எல்லாவற்றையும் வாசல் திண்டில் வரிசையாக வைத்தேன். பதினொன்றிலும் இழை இறங்கியது. என்னுடையதில்தான் தடிமனாக.

முதல் வீட்டுப் பாத்தியில் வேலியோரமாக ஒரு செடி எங்கள் கைக்குத் தப்பி நின்றிருந்தது. அவளிடம் போனேன்.

“அந்த ஒரு செடியில ஒரு தண்டு வேணும்.”

“பிடுங்குறதுக்கு இப்ப மட்டும் என்ன கேள்வி அக்கா?”

அவளே போய் ஒரு தண்டை வெட்டிக்கொண்டு வந்தாள். கத்தியைக் கழுவிவிட்டுத்தான் வெட்டினாள். இரண்டு பேரும் அவள் அடுப்படியில் கிளாசைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. எங்கள் கால் பட்டும் அந்த மண்ணில் நோய் ஏறவில்லை போல.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வளையம், கத்தி, ஆபீசரம்மாவிடம் சொன்ன பொய் வரைக்கும். பிறகு, “நீதான் அந்த வளையத்தைப் பார்த்தியே, அன்னைக்குக் கூட்டத்துல ஏன் சொல்லலை?” என்று கேட்டேன். அந்த நேரத்திலும் அவளிடம் ஒரு தப்புத் தேடியிருக்கிறேன் பாருங்கள்.

“சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க? வெட்டும்போதே கண்ணு வச்சிட்டான்னு சொல்லியிருப்பீங்க” என்றாள்.

ஆமாம். அதைத்தான் சொல்லியிருப்பேன்.

“என்னை மன்னிச்சிரு.”

“இங்க வச்சுச் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? குழாயடியில திட்டிட்டு, அடுப்படியில மன்னிப்பா? என்னை எங்க வச்சுச் சொன்னீங்களோ அங்க வச்சுச் சொல்லுங்க.”

மறுநாள் காலையில் குழாயடியில் சொன்னேன். இந்த முறை தொண்டை எழும்பவில்லை. “சத்தமாச் சொல்லு மதினி, தண்ணி சத்தத்துல கேக்கல” என்று ஆறாவது வீட்டுக்காரி குழாயை மூடினாள். மறுபடி சொன்னேன். வெட்டியது நான், பார்த்தும் வெட்டினேன், கத்தியைக் கழுவக் கூடாது என்றதும் நான்தான், இனி மற்றப் பாத்திகளில் கிழங்கு போடக் கூடாது, அவள் பாத்தி ஒன்றுதான் லயத்தில் சுத்தமான மண் என்றேன். எல்லோரும் அடித்துப் போடுவார்கள் என்று நினைத்தேன். யாரும் ஒன்றும் செய்யவில்லை. ஐந்தாவது வீட்டுக்காரி, “இப்ப என்ன, பிடுங்குனதை ஒட்ட வைக்கவா முடியும்?” என்றாள். குழாயை மறுபடி திறந்தார்கள். ஏன் என்று எனக்குப் புரிந்தது. நான் சொன்னது உண்மை என்றால், அன்று தலையாட்டியவர்களும் வெட்கப்பட வேண்டும். பூத்த செடியைப் பிடுங்கியவர்களும் வெட்கப்பட வேண்டும். அதற்கு யாரும் தயாராக இல்லை. என் ஒருத்தி வெட்கம் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த நாள் முதல் வீட்டுப் பாத்தியைச் சுற்றி முள்வேலி ஏறியது. பிடுங்கிப் போட்ட நாளிலிருந்து களை முளைத்துக் கிடந்த பாத்தி. தலைவரே நின்று வேலி கட்டினார்.

“அண்ணாச்சி, அவ பாத்தியை அவகிட்டக் குடுத்துருங்க. தப்பு என்னோடது” என்றேன்.

“முடிஞ்ச கதையை விடுங்க மதினி. கமிட்டி எடுத்தது எடுத்ததுதான். கோயில் அன்னதானத்துக்குக் கிழங்கு போடப் போறோம்.”

“மத்த எல்லாப் பாத்தியிலயும் கிழங்கு போடக் கூடாதுன்னு ஆயிட்டு. இது ஒண்ணுலதான் போடலாம். அதுக்குத்தான எடுக்கீங்க?”

கம்பியை முறுக்குவதை நிறுத்தாமல் சொன்னார். “முதல் செடியைப் பிடுங்குனது நீங்கதான மதினி? நானா பிடுங்குனேன்?”

வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த மண் சுத்தம் என்று அவருக்குச் சொன்னதும் நான்தான். அவளிடமிருந்து பாத்தியைப் பிடுங்கியது என் பொய். அது திரும்ப அவளுக்குக் கிடைக்காமல் செய்தது நான் சொன்ன உண்மை. இப்போது அவள் பின்வாசலைத் திறந்தால் நேராக முள்கம்பி. என்னைப் பார்த்தால் இப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். வாயில் பழகிப்போன வார்த்தை, அவ்வளவுதான். முன்பு அதோடு சிரிப்பும் வரும்.

தலைவரே, முதல் செடியைப் பிடுங்கியது நான்தான். மறுக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் முதலில் எழுந்து நிற்கிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், என் பாத்தியை எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு நீங்கள் எழுந்து நில்லுங்கள். அவள் கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லாதபோது எப்படித் தீர்ப்புச் சொன்னீர்கள்? அவள்மேல் குற்றம் இல்லை என்று தெரிந்த மறுநாள் எதற்கு வேலி கட்டினீர்கள்? அந்த வேலியை எந்த நாள் பிரிப்பீர்கள்? என்னைத் தனியாகக் கூப்பிட்டு மதினி மதினி என்று சமாதானம் சொல்ல வேண்டாம். கோயில் முன்னால், பன்னிரண்டு வீடும் கேட்க, அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.